முன்னாள் படைவீரருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் கல்விச் சலுகைகள்: ஒரு பழைய ஹவில்தாரின் குறிப்புகள்

போன வருடம் நமது சங்கத்துப் பொங்கல் விழாவில், சர்க்கரைப் பொங்கல் வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு தம்பி திரும்பிப் பார்த்தார். தலைமுடி வெட்டியிருந்த விதத்திலேயே ஆள் யாரென்று புரிந்துவிட்டது. தேனிப் பக்கம். நாயக்காக இருக்கிறார். "அண்ணே, இன்னும் பதினாலு மாசத்துல பென்ஷன் வந்திருவேன். வெளியே வந்தா கவர்மென்ட் படிக்க வைக்கும்ங்கிறாங்க. நெசமாண்ணே?" என்று கேட்டார்.

இலையைக் கையில் வைத்துக்கொண்டே அரை மணி நேரம் பேசினோம். பொங்கல் ஆறிப் போனது. அன்று சொன்னதையெல்லாம் எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டதால்தான் இந்தக் கட்டுரை. நான் அறிஞன் அல்ல. 24 வருடம் ராணுவத்தில் ஒயர்லெஸ் ஆபரேட்டராக இருந்து, 2008-ல் ஹவில்தாராக வெளியே வந்தவன். இந்தச் சலுகைகளில் பாதியைத் தவறவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். மற்றவர்களும் அப்படியே கற்க வேண்டும் என்று ஏதும் இல்லையே!

42 வயதில் ஓய்வு

சிவில் உத்தியோகத்தில் இருப்பவர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் மூத்த பிள்ளை வேலைக்குப் போயிருக்கும். சிப்பாயின் கதை வேறு. படையை இளமையாக வைத்திருக்க வேண்டும் என்பதற்காக, நம் முப்படைகளிலிருந்தும் ஆண்டுதோறும் சுமார் 60,000 பேரை வெளியே அனுப்புகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் 35-லிருந்து 45-க்குள் இருப்பவர்கள். நான் வந்தபோது எனக்கு 42. மகளுக்குப் பத்து வயது. கையில் பிளஸ் டூ சான்றிதழ். ஒயர்லெஸ் செட்டைப் பிரித்துப் பூட்டத் தெரியும். ஆனால் அது எனக்குத் தெரியும் என்பதற்கு வெளியுலகம் ஏற்கும் காகிதம் ஒன்றும் என்னிடம் இல்லை.

ஆகவே, முன்னாள் படைவீரருக்குக் கல்விச் சலுகை என்பது இரண்டாவது வேலைக்கான படிக்கட்டு. நம் நாட்டில் அது மூன்று துண்டாக இருக்கிறது. ஒன்று, சீருடையைக் கழற்றும் முன்பே கிடைக்கும் பயிற்சி. இரண்டு, படித்த படிப்புக்கு மேல் ஒரு படி உயர்த்தி வைக்கும் சமநிலைச் சான்று. மூன்று, பிள்ளைகளுக்கான உதவித்தொகை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் துண்டு: வெளியே வருமுன் பயிற்சி

பாதுகாப்பு அமைச்சகத்தில் முன்னாள் படைவீரர் நலத்துறை என்று தனித் துறையே 2004-ல் தொடங்கினார்கள். அதன் கீழ் டெல்லியில் இயங்குவது மறுவாழ்வுத் தலைமை இயக்ககம். பட்டாளத்து வழக்கில் டி.ஜி.ஆர். ஓய்வு பெறப் போகிறவர்களுக்கு அரசு, தனியார் நிறுவனங்களில் பயிற்சி ஏற்பாடு செய்வது இவர்கள்தான். கம்ப்யூட்டர், பாதுகாப்பு மேற்பார்வை, சரக்குக் கையாளுகை, நிர்வாகம் என்று பட்டியல் நீளும். அதிகாரிகள் ஐ.ஐ.எம். போன்ற நிறுவனங்களில் ஆறு மாத மேலாண்மைப் படிப்புக்குப் போகலாம். அவர்களுக்குக் கட்டணத்தில் 60 சதவீதத்தை டி.ஜி.ஆர். கொடுக்கும், மீதி 40 அவர்கள் கையிலிருந்து. ஜே.சி.ஓ.க்களுக்கும் சிப்பாய்களுக்கும் கட்டணம் முழுவதும் அரசுடையது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இந்தப் பயிற்சி முக்கியமாகப் பணியின் கடைசிக் காலத்துக்கு உரியது. யூனிட் வழியாக மனுப் போட வேண்டும். படிக்கும் காலத்தில் சம்பளம் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே வந்தவர்களுக்கும் சில பயிற்சிகள் நடக்கின்றன. ஆனால் சம்பளத்தோடு உட்கார்ந்து படிக்கும் அந்த வசதி திரும்ப வராது.

நான் என்ன செய்தேன்? யூனிட் கிளார்க் படிவத்தை நீட்டியபோது, "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்று சொல்லிவிட்டு, மிச்சம் இருந்த லீவையெல்லாம் போட்டு, வேலூர் பக்கத்தில் என் கிராமத்தில் வீடு கட்டப் போனேன். வீடு நன்றாகத்தான் வந்தது. ஆனால் குடும்பம் இருந்ததும் மகள் படித்ததும் இங்கே. வெளியே வந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு தொழிற்சாலை வாசலில் காவல். ஐந்து வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். காவல் வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சோறுதான் எங்களைக் காப்பாற்றியது. வேறு வழியை நானாகவே அடைத்துக்கொண்டேன் என்பதுதான் வருத்தம்.

இரண்டாவது துண்டு: பட்டதாரி என்று சொல்லும் சான்று

பத்தாவது தேறி, 15 வருடத்துக்குக் குறையாமல் பணி செய்த முன்னாள் படைவீரருக்கு ஒரு சலுகை 1986 முதல் உண்டு. பட்டப்படிப்பு கேட்கும் மத்திய அரசின் 'சி' பிரிவுப் பதவிகளில், முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கிய இடங்களுக்கு அவரைத் தகுதியுள்ளவராக ஏற்பார்கள். பதவிக்குத் தொழில்நுட்ப அனுபவம் அவசியம் என்றிருந்தால் மட்டும் இது செல்லாது. ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றும், கடற்படை, விமானப்படையில் அதற்கு ஈடான சான்றும் பத்தாவதுக்குச் சமம். பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் தேர்விலும் இதே மாதிரியான விதி இருக்கிறது.

வயதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இப்போதைய வயதிலிருந்து பணிக்காலத்தையும் அதற்கு மேல் 3 வருடத்தையும் கழித்துக் கணக்குப் பார்ப்பார்கள். 2013-ல் நான் வங்கித் தேர்வு எழுதியபோது எனக்கு 47 வயது. 24-ம் 3-ம் சேர்த்து 27 போனால் மிச்சம் 20! பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய பையன்களுக்கும் எனக்கும் காகிதத்தில் ஒரே வயது. வங்கிகளில் இதற்கு 50 வயது என்று ஒரு மேல்வரம்பு உண்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள். தேர்வில் தேறினேன், எழுத்தர் வேலை கிடைத்தது.

மத்திய அரசின் 'சி' பிரிவு நேரடி நியமனத்தில் 10 சதவீதம் முன்னாள் படைவீரருக்கு. பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் இது 14.5 சதவீதம். இதில் 4.5 சதவீதம் ஊனமுற்ற முன்னாள் வீரருக்கும், களத்தில் உயிர் நீத்தவரின் குடும்பத்தாருக்கும் உரியது. இடம் இருக்கிறது, தகுதியான ஆள் போய் நிற்பதுதான் குறைவு.

ஆனால் இந்தச் சான்றின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 2009-ல் இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகத்துக்கு எம்.ஏ. சேரப் போனேன். அங்கிருந்த அம்மாள் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, "இது வேலைக்குத்தான் சார் செல்லும், மேற்படிப்புக்குச் செல்லாது" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது சரிதான். பட்டதாரிக்குச் சமம் என்று ஏற்பது வேறு, பட்டம் வேறு. எம்.ஏ., பி.எட். எதுவானாலும் உண்மையான பட்டம் வேண்டும். பிறகு வங்கி வேலையில் இருந்துகொண்டே இக்னோவில் தொலைதூரக் கல்வியாக பி.ஏ. சேர்ந்து, 2017-ல் 51-வது வயதில் முடித்தேன். அந்தக் கட்டணத்தை யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை. நம் நாட்டுச் சலுகைகளில் பெரிய இடைவெளி இது என்று நினைக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது துண்டு: பிள்ளைகள் படிக்க

டிசம்பர் 7 கொடி நாள் என்று பள்ளியில் சின்னக் கொடி வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டோமே, நினைவிருக்கிறதா? 1949 முதல் நடப்பது அது. அந்தக் காசு எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? கொடி நாள் நிதியிலிருந்து கேந்திரிய சைனிக் போர்டு வழியாகக் கொடுக்கும் உதவிகளில் ஒன்று கல்வி மானியம். ஹவில்தார் வரையிலான தகுதியில் ஓய்வு பெற்றவர்களின் இரண்டு பிள்ளைகள் வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை வாங்கலாம். நெடுநாள் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் வரும் மனுக்களுக்கு 2,000 ரூபாய். இரண்டு வருட முதுகலைப் படிப்பு படிக்கும் படைவீரரின் விதவைக்கும் இது உண்டு.

தொழிற்கல்விக்கு இருப்பது பிரதமரின் கல்வி உதவித்தொகை. 2006-07-ல் தொடங்கியது. பணம் வருவது 1962-ல் ஏற்படுத்திய தேசியப் பாதுகாப்பு நிதியிலிருந்து. ஆண்டுக்கு 5,500 பேருக்கு: பையன்கள் 2,750, பெண்கள் 2,750. 2019-20 முதல் பையன்களுக்கு மாதம் 2,500, பெண்களுக்கு 3,000. பொறியியல், மருத்துவம், பி.எட்., எம்.பி.ஏ. மாதிரியான தொழிற்படிப்புகளுக்கு மட்டும் கிடைக்கும். சாதாரண பி.ஏ., பி.எஸ்ஸி.க்குக் கிடையாது, தொலைதூரக் கல்விக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் கிடையாது. சேரும் படிப்புக்கு எந்தத் தேர்வு தகுதியோ அதில் 60 சதவீதம் வேண்டும். முதல் வருடத்தில்தான் மனுப் போட முடியும். முதலிடம், களத்தில் உயிர் நீத்தவர், ஊனமுற்றவர் குடும்பங்களுக்கு. கடைசி வரிசைதான் நம் போன்ற சாதாரண ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகள். அதிலும் அதிகாரிகளின் பிள்ளைகள் சேர்த்தி இல்லை.

போரிலோ தாக்குதலிலோ உயிரிழந்தவர், காணாமல் போனவர், நிரந்தர ஊனமுற்றவர் ஆகியோரின் பிள்ளைகளுக்குத் தனித் திட்டமே இருக்கிறது. 1971 போருக்குப் பிறகு 1972-ல் வந்தது. கல்விக் கட்டணம், விடுதி, புத்தகம், சீருடை எல்லாம் அதில் அடங்கும். 2017-ல் இதற்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். பலத்த எதிர்ப்பு வந்து 2018-ல் நீக்கினார்கள். அப்படிப்பட்ட குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால் தயவுசெய்து போய்ச் சொல்லுங்கள்.

இனிஷியல் செய்த வேலை

இனி என் வீட்டுக் கதை. 2016-ல் மகள் பொறியியல் சேர்ந்தாள். பிளஸ் டூவில் 88 சதவீதம். உதவித்தொகை நிச்சயம் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். காகிதங்களை எடுத்து வைத்தபோதுதான் தெரிந்தது. பள்ளிச் சான்றிதழில் நம் வழக்கப்படி அவள் பெயருக்கு முன்னால் என் பெயரின் முதலெழுத்து மட்டும். அவள் பிறந்தபோது ராணுவத்தில் பதிந்த பார்ட் டூ ஆர்டரில், என் முழுப் பெயர் அவள் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் போல நின்றது. போதாததற்குப் பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசம். அந்தத் தேதியை எழுதிக் கொடுத்தது நானேதான். ஊரிலிருந்து வந்த தந்தியின் தேதியைப் போட்டிருக்கிறேன்!

திருத்தத்துக்கு எழுதினேன். முதல் முறை பிரமாணப் பத்திரம் வைக்காததால் திரும்பி வந்தது. இரண்டாம் முறை ஜில்லா சைனிக் போர்டு கையெழுத்து விட்டுப்போனதால் திரும்பி வந்தது. இரண்டும் என் தவறு. எல்லாம் சரியாகி வந்தபோது கடைசித் தேதி முடிந்துவிட்டது. அடுத்த வருடம் போடலாம் என்றால், அது முதலாண்டு மாணவருக்குத்தானே! அன்றைக்குப் பெண்களுக்கு மாதம் 2,250. நான்கு வருடத்துக்கு 1,08,000 ரூபாய். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. மகள் வந்து, "விடுங்கப்பா, லோன் போட்டுக்கலாம்" என்றாள். லோன் போட்டுத்தான் படித்தாள். அவளே வேலைக்குப் போய்த்தான் அடைத்தாள்.

வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்கு இந்தச் சிக்கல் மற்றவர்களைவிட அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். இங்கே உள்ள பள்ளி ஒரு விதமாக எழுதும், ஆதாரில் வேறு விதம், ராணுவப் பதிவில் இன்னொரு விதம். ஆகையால் பிள்ளை பத்தாவது எழுதும் முன்பே நான்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பிறப்புச் சான்று, பள்ளிப் பதிவேடு, ஆதார், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள குடும்ப விவரம். நான்கிலும் ஒரே பெயர், ஒரே தேதி இருக்க வேண்டும். பணியில் இருக்கும்போதே திருத்துவது சுலபம். யூனிட் கிளார்க் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்.

எந்த ஊர் போர்டு?

அடுத்து எல்லோரும் கேட்பது இது: "நான் தமிழ்நாட்டுக்காரன், இருப்பது புனேயில். எங்கே பதிவது?" நிரந்தரமாகக் குடியிருக்கும் மாவட்டத்தின் சைனிக் போர்டில் பதிந்து, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். ஊரில் ஏற்கெனவே பதிந்திருந்தால் அங்கிருந்து மாற்றிக்கொள்ளலாம். பிள்ளையின் மனுவில் கையெழுத்துப் போடுவது அவர்கள்தான். உதவித்தொகை மனுவை இப்போது கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்தில் ஏற்றுகிறோம். ஆனாலும் போர்டு, கல்லூரி, வங்கி மூன்றிடமும் கையெழுத்து வாங்கிய சான்றுகள் வேண்டும். கணக்குப் பிள்ளையின் பெயரில், ஆதாரோடு இணைந்து இருக்க வேண்டும்.

பொதுவாக ஒன்றை மனத்தில் வையுங்கள். மத்திய அரசுத் திட்டம் எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றுதான். மாநில அரசுத் திட்டம் 'நீ எந்த ஊர்?' என்று கேட்கும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. நம் பிள்ளை வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும், பூர்வீகம் தமிழ்நாடு என்று பிறப்பிடச் சான்று காட்டி அந்தக் கலந்தாய்வில் சேர வழியிருக்கிறது. ஊர் தாசில்தார் அலுவலகத்தோடு உறவை அறுத்துக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்காக்காரன் செய்தது

இப்போது, முன்பு சொன்ன இடைவெளிக்கு வருகிறேன். அமெரிக்காவில் முதல் உலகப்போரில் சண்டை போட்டவர்கள், தங்களுக்கு வாக்களித்த போனஸைக் கேட்டு 1932-ல் வாஷிங்டனில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். அவர்கள் நாட்டு ராணுவமே அவர்களை விரட்டியது. அந்த அவமானம் திரும்பக் கூடாது என்று, இரண்டாம் போர் முடியுமுன்பே 1944 ஜூன் 22-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஜி.ஐ. பில் என்பது அதுதான். கல்லூரிக் கட்டணம் வருடத்துக்கு 500 டாலர் வரை. அதோடு தனியாளுக்கு மாதம் 50 டாலர், குடும்பஸ்தருக்கு 75 டாலர். 1956-ல் முடியும்போது 78 லட்சம் பேர் அதில் படித்திருந்தார்கள். அவர்களில் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனவர்கள். 1947-ல் அந்நாட்டுக் கல்லூரிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்னாள் சிப்பாய்கள்!

அங்கும் எல்லாம் தேனும் பாலும் இல்லை. தென்மாநிலங்களில் கறுப்பினத்துச் சிப்பாய்களுக்குப் பெரும்பாலான கல்லூரிக் கதவுகள் மூடியே இருந்தன. சட்டம் எல்லோருக்கும் பொது. நடைமுறை அப்படி இல்லை. 2008-ல் வந்த புதிய சட்டம் 36 மாதப் படிப்புக்குக் கட்டணமும் வீட்டுச் செலவும் கொடுக்கிறது. நிபந்தனைகளோடு மனைவி மக்களுக்கும் மாற்றித் தரலாம்.

வித்தியாசம் எங்கே? அங்கே கல்விப் பணம் முதலில் சிப்பாய்க்கு. அவன் விரும்பினால் பிள்ளைக்கு. இங்கே பணம் பெரும்பாலும் பிள்ளைக்கு. சிப்பாய்க்குக் குறுகிய காலப் பயிற்சியும் ஒரு சமநிலைக் காகிதமும். நம் வீட்டுப் புத்தியும் அதுவே. "நமக்கு எதுக்கு, புள்ள படிக்கட்டும்" என்பதுதானே நம் தகப்பன்மார் பேச்சு. ஆனால் 42 வயதில் வெளியே வருபவனுக்கு இன்னும் 18 வருட உழைப்பு மிச்சம் இருக்கிறது. அவனே ஒரு பட்டம் படிக்கக் கட்டணம் கிடைத்தால், அந்த வீட்டில் இரண்டு தலைமுறை சேர்ந்து ஏறும்.

இந்தக் கேள்வி இனி இன்னும் கூர்மையாகும். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் நான்கு வருடத்தில் வெளியே வருவார்கள். 25 சதவீதம் வரைதான் நிரந்தரம். 2022 இறுதியில் சேர்ந்த முதல் அணிக்கு 2026 இறுதியில் நான்கு வருடம் நிறைகிறது. பத்தாவது படித்துச் சேர்ந்தவருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாவது சான்று. இக்னோவில் படையில் பெற்ற பயிற்சிக்கே 50 சதவீத மதிப்பெண் புள்ளிகள் கொடுக்கும் பட்டப்படிப்பு. இவை நல்ல ஏற்பாடுகள். பணியில் இருக்கும்போதே பதிவு செய்து தொடர வேண்டும். 22, 23 வயதில் வரும் அந்தப் பிள்ளைகள், நான் செய்தது போல் "எதுக்குப்பா" என்று சொல்லிவிடக் கூடாது.

கடைசியாக

தேனித் தம்பி படிவம் போட்டார். இந்த மலர் அச்சேறும் நேரத்தில் சரக்குக் கையாளும் பயிற்சியில் இருக்கிறார். போன மாதம் போன் செய்து, "அண்ணே, கிளாஸ்ல நான்தான் மூத்தவன். பையன் நோட்டை எனக்குக் குடுத்து அனுப்புறான்" என்று சிரித்தார். பையனின் பெயரையும் நான்கு காகிதத்தில் சரிபார்த்துவிட்டாராம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சங்க நூலகத்தில்தான் இருப்பேன். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பிள்ளையின் சான்றிதழ்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். ஒரு கோப்பு ஒழுங்காக ஒரு மணி நேரம் போதும். எனக்கு அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்லித் தர அன்று யாரும் இல்லை.